பலகைக்கு மேலே வெந்நீர், பலகைக்குக் கீழே குளிர்காற்று

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பல, விக்டோரியா மகாராணி காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ கட்டப்பட்டவை. இங்கிலாந்தின் வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919க்கு முந்தையது. இந்த வீடுகளின் தரைத்தளம் நாம் ஊரில் பழகிய தரையைப் போல மண்மேல் உட்கார்ந்திருப்பதில்லை. சுவரிலிருந்து சுவருக்கு மர உத்தரங்கள் ஓடும். ஒன்றுக்கொன்று சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கும். அவற்றின் மேல் 20 மி.மீ. கனத்தில் பலகைகளை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி: சில வீடுகளில் ஒரு முழம், சில வீடுகளில் ஆள் தவழ்ந்து போகும் அளவு. வெளிச்சுவரின் அடியில் பதித்த துளைச்செங்கற்கள் வழியாக அந்த இடைவெளிக்குள் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கும். மரம் ஈரம் பிடித்து அழுகாமல் இருக்க அன்றைய கொத்தனார்கள் செய்த ஏற்பாடு அது, நூறு ஆண்டு கடந்தும் வேலை செய்கிறது. ஆனால் ஜனவரி மாதத்தில் அதே காற்றுதான் பலகை இடுக்குகள் வழியாக அறைக்குள் ஏறுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கும் வீட்டில் இந்தக் குளிர் முதலில் தெரிவது பாதத்தில்தான்.

இதற்கு மருந்தாக இப்போது அதிகம் பேசப்படுவது, இருக்கும் பலகைத் தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே வெந்நீர்க் குழாய்களைப் பதிக்கும் முறை. தரையைச் சூடாக்கும் யோசனை பிரிட்டனுக்குப் புதிதல்ல. ரோமானியர்கள் அங்கே ஆண்ட காலத்தில் தரையைச் செங்கல் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டார்கள். பாத் நகரின் குளியல் மாளிகையில் அந்தத் தூண்களை இன்றும் பார்க்கலாம். இன்றைய முறையில் அடுப்புக்குப் பதில் பாய்லர், புகைக்குப் பதில் நீர். 15 முதல் 25 மி.மீ. வரை கனமுள்ள தகடுகள் கடையில் கிடைக்கின்றன. சிலவற்றில் தெர்மாகோல் அட்டைமேல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். சில, ஜிப்சமும் காகித நாரும் சேர்த்து அழுத்தியவை. எல்லாவற்றிலும் குழாய் உட்காரக் காடி வெட்டியிருக்கும். பழைய பலகைமேல் இவற்றைப் பரப்பி, காடிக்குள் 12 அல்லது 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்து அழுத்திவிட்டு, மேலே மரத்தரையோ டைல்ஸோ போட்டால் வேலை முடிந்தது. உத்தரத்தை வெட்ட வேண்டாம், சிமென்ட் கொட்டிக் காயவிட வேண்டாம், தரைக்கடியில் ஓடும் பழைய மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் தொட வேண்டாம். விற்பவர் சொல்லும் இந்த மூன்று நன்மைகளும் உண்மை.

உண்மைதான், ஆனால் முழுமையல்ல. இந்த முறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மேலே பதிக்கும் குழாய் அல்ல. யாரும் திறந்து பார்க்க விரும்பாத அந்த அடி இடைவெளி. அதற்கும் பலகைக்கும் நடுவில் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் பொருள், இல்லையென்றால் வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் வெப்பத்தில் கணிசமான பங்கு மண்ணுக்கும் காற்றுக்கும் போகும். எனவே பலகையைத் தொடாமலே முடித்துவிடலாம் என்ற வசதியை நம்பி இந்த வேலையில் இறங்குவது தவறான இடத்தில் தொடங்குவது. முதலில் கீழே அடைப்பு, பிறகு மேலே குழாய். இந்த வரிசை மாறினால் எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

சூடு எப்போதும் மேலேதானே போகும், கீழே எப்படி இறங்கும் என்று பலர் கேட்கிறார்கள். மேலே எழுவது சூடான காற்று. காற்றும் நீரும் சூடேறினால் லேசாகி எழும். ஆனால் திடப்பொருளுக்குள் வெப்பம் கடக்கும்போது அதற்கு மேல் கீழ் என்ற பேதம் கிடையாது. எந்தப் பக்கம் அதிகக் குளிரோ, எந்தப் பக்கம் தடை குறைவோ, அந்தப் பக்கம் அதிகமாக ஓடும். குழாய் பதித்த அடுக்கின் சராசரி வெப்பம் 35 டிகிரி, அறை 20 டிகிரி, தரைக்கடியில் 8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலே 14 மி.மீ. அடுக்கு மரத்தரை. அதன் தடையையும் தரைக்கு மேலுள்ள காற்றுப் படலத்தின் தடையையும் கூட்டினால் பொறியாளர் கணக்கில் சுமார் 0.2 வரும். கீழே குழாய்க்கு அடியில் எஞ்சியிருப்பது சில மில்லிமீட்டர் தெர்மாகோல், பிறகு பழைய பலகை, அதற்கடியில் காற்றுப் படலம். மூன்றும் சேர்ந்து 0.47 அளவில் நிற்கும். வெப்பநிலை வித்தியாசத்தைத் தடையால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு மேலே செல்வது 75 வாட், கீழே செல்வது 57 வாட். 15 சதுர மீட்டர் அறையில் 1,100 வாட் மனிதருக்கும் 850 வாட் மண்ணுக்கும். பலகை இடுக்கில் நுழையும் காற்று எடுத்துப்போவதை இதில் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே அறையில் உத்தரங்களுக்கு நடுவே 100 மி.மீ. கனத்தில் ராக்வூல் என்னும் கல்லிழைக் கம்பளியை நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். கம்பளியைவிட மர உத்தரம் வெப்பத்தை எளிதாகக் கடத்தும் என்பதால் அதற்கும் ஒரு கழிவு போட்டால், கீழ்ப்பக்கத் தடை சுமார் 2.5 ஆகிறது. கீழே இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 57 வாட்டிலிருந்து 11 வாட்டுக்கு வந்துவிடுகிறது. அறை முழுவதற்கும் 850 வாட் போன இடத்தில் 160 வாட் மட்டும். இது எளிமைப்படுத்திய கணக்கு. வீட்டுக்கு வீடு எண்கள் மாறும், விகிதத்தின் போக்கு மாறாது. தகட்டிலேயே தெர்மாகோல் இருக்கிறதே என்ற வாதமும் இங்கேயே அடிபடுகிறது. 20 மி.மீ. தகட்டில் 16 மி.மீ. குழாய்க்குக் காடி வெட்டிய பிறகு அடியில் எவ்வளவு மிஞ்சும்? அந்தத் தெர்மாகோலின் வேலை குழாயைப் பிடித்து வைப்பது. வெப்பத்தைத் தடுக்கும் பொறுப்பை அதன் தலையில் கட்டக் கூடாது. இங்கிலாந்தின் கட்டட விதிகளும் இதே திசையில்தான் பேசுகின்றன: ஒரு தரையின் பெரும்பகுதியைப் புதுப்பிக்கும்போது, நடைமுறையில் முடியுமானால், அதன் வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.25 வாட்டுக்கு மேல் வெளியேறாதபடி செய்ய வேண்டும் என்கின்றன. அந்த அளவை எட்ட உத்தரத்தின் ஆழம் முழுக்கக் கம்பளி நிரப்ப வேண்டியிருக்கும்.

பலகையைப் பெயர்க்காமல் இருக்கத்தானே இந்த முறையைத் தேடி வந்தோம், கீழே இன்சுலேஷன் போடப் பலகையைப் பெயர்க்க வேண்டுமென்றால் உத்தரங்களுக்கு நடுவிலேயே குழாயைப் போட்டுவிடலாமே என்ற எதிர்வாதம் வலுவானது. அதற்கு இடம் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வீட்டுக்கடியில் நிலவறை இருந்தாலோ, ஆள் தவழும் அளவு இடைவெளி இருந்தாலோ, பலகையைத் தொடாமல் கீழிருந்தே வேலையை முடிக்கலாம். கம்பளியை உத்தரங்களுக்கு நடுவே செருகி, விழாமல் வலை கட்டி, அதற்கடியில் காற்றை மறித்து ஈரத்தை வெளியே விடும் துணி போன்ற தாளை இழுத்து ஒட்ட வேண்டும். இடைவெளி ஒரு முழம்தான் என்றால் பலகையைப் பெயர்த்தாக வேண்டும். மறுபடி ஆணி அடித்து மூடியபின் அதன்மேல் தகடு வருவதால், பெயர்க்கும்போது ஒன்றிரண்டு பலகை பிளந்தாலும் மூலை உடைந்தாலும் கவலையில்லை. அங்கே இரண்டு முறைகளுக்கும் வேலை ஏறக்குறைய சமம்தான். ஆனாலும் மேலே பதிப்பதில் ஒரு லாபம் உண்டு: குழாய்க்கும் பாதத்துக்கும் நடுவில் பழைய பலகை குறுக்கே நிற்பதில்லை, அதனால் குறைந்த சூட்டு நீரே போதும். மாடி அறைகளின் கதை வேறு. அங்கே கீழே இறங்கும் வெப்பம் வீணாவதில்லை. கீழறையின் கூரைக்குத்தான் போகிறது. பலகையைத் தொடாமல் மேலே பதிப்பது என்ற விளம்பர வாசகம் அப்படியே பொருந்துவது அங்கேதான்.

இன்சுலேஷன் போடுகிறவர்கள் உற்சாக மிகுதியில் செய்யும் ஒரு காரியம் இன்சுலேஷன் இல்லாததைவிடக் கேடானது: குளிர் வருகிறதே என்று வெளிச்சுவரின் துளைச்செங்கற்களை அடைத்துவிடுவது. கம்பளி போட்டதும் அதற்கடியில் உள்ள இடைவெளி முன்பைவிடக் குளிர்ந்துவிடும், ஏனென்றால் அறையிலிருந்து கசிந்த வெப்பம் இப்போது அங்கே போவதில்லை. குளிர்ந்த இடத்தில், காற்றோட்டமும் நின்றால், ஈரம் தங்கும். உத்தரங்களின் முனைகள் ஈரச் சுவருக்குள் செருகியிருக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். பிரிட்டனின் பழைய வீடுகளை அரிக்கும் உலர் அழுகல் என்னும் மரப்பூஞ்சைக்கு வேண்டியது ஈர மரமும் அசையாத காற்றும். ஆகவே காற்று ஓட வேண்டியது கம்பளிக்குக் கீழே. நிற்க வேண்டியது கம்பளிக்கு மேலே. பலகை திறந்திருக்கும்போதே உத்தர முனைகளை ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்ப்பது நல்லது. நுனி எளிதாக உள்ளே இறங்கினால் குழாய் வேலையை நிறுத்திவிட்டு மர வேலையைத் தொடங்க வேண்டும். குழாயும் புதுத்தரையும் போட்டு மூடியபின் அந்த அழுகலைக் கண்டுபிடித்தால் செலவு பல மடங்கு.

கீழே தடை வேண்டும் என்பதற்கு மறுபக்கம், மேலே தடை கூடாது என்பது. டைல்ஸும் கல்லும் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை எனலாம். அடுக்கு மரத்தரை நடுத்தரம். கார்பெட்டும் அதன் அடிவிரிப்பும் சேர்ந்தால் தடை 0.25 வரை போகும். கார்பெட் வியாபாரத்தில் இதையே 2.5 டாக் என்பார்கள், அதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மேல் எல்லை. இன்சுலேஷன் இல்லாத நமது கணக்கறையில் மரத்தரைக்குப் பதில் அந்தக் கார்பெட்டைப் போட்டால் மேலே வருவது 43 வாட், கீழே போவது அதே 57 வாட். வீட்டைவிட மண்ணுக்கு அதிகப் பங்கு! இன்னொரு வரம்பும் உண்டு. ஐரோப்பியத் தரநிலை, மனிதர் புழங்கும் அறைகளில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. மரத்தரைக்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 27 டிகிரியில் நிறுத்தச் சொல்கிறார்கள், அதற்கு மேல் மரம் காய்ந்து சுருங்கும் என்பதால். 27 டிகிரித் தரை 20 டிகிரி அறைக்குத் தரக்கூடியது சதுர மீட்டருக்கு 75 வாட் அளவுதான். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் வெறும் செங்கல் சுவரும் உள்ள பழைய அறைக்குக் கடுங்குளிரில் 100 வாட் தேவைப்படலாம். அங்கே தரையை மட்டும் நம்பினால் போதாது. ஒரு ரேடியேட்டரையாவது விட்டுவைக்க வேண்டும். கால் இல்லாத அலமாரியும் தரையோடு ஒட்டிய சோபாவும் மூடிய இடத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு நிபந்தனைகளோடு இதைச் செய்ய வேண்டுமா, ரேடியேட்டரே போதாதா என்று கேட்பவருக்கு, பல வீடுகளில் போதும் என்பதே நேர்மையான பதில். தரைக்கடி இன்சுலேஷன் மட்டும் போட்டு, பழைய ரேடியேட்டரைப் பெரியதாக மாற்றினால் செலவும் தொந்தரவும் குறையும். தரைவெப்பத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது: குறைந்த சூட்டு நீரே அதற்குப் போதும். பழைய ரேடியேட்டர்களை 70, 80 டிகிரி நீருக்கு என்றே வடிவமைத்தார்கள். நன்றாக அமைத்த தரைக்கு 35 முதல் 45 டிகிரி போதும். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நவீன எரிவாயு பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தை மீட்கும். வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்ப்புக்கோ, நீரின் சூடு குறையக் குறைய மின்செலவும் இறங்கும். 2022 ஜூன் முதல் இங்கிலாந்தில் புதிதாகவோ முழுதாக மாற்றியோ அமைக்கும் வெந்நீர் வெப்ப அமைப்புகள் 55 டிகிரிக்கு மேல் நீர் தேவைப்படாதபடி வடிவமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்ததும், 2023 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப் மானியம் 7,500 பவுண்டாக உயர்ந்ததும் வீடுகளை இதே திசையில் நகர்த்துகின்றன. ஹீட் பம்ப்புக்கு மாறும் எண்ணம் உள்ளவருக்குத் தரைவெப்பம் பொருத்தமான துணை. பழைய பாய்லரையே இன்னும் பத்தாண்டு ஓட்டப்போகிறவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

சிமென்ட் தளத்தில் குழாயைப் புதைப்பதுதான் தரமான வழி, மெல்லிய தகடு அரைகுறை என்ற கருத்தும் உண்டு. ஏழெட்டு சென்டிமீட்டர் சிமென்ட் தளம் சூட்டைச் சேர்த்து வைக்கும் என்பது சரி. ஆனால் சூடேறவும் பல மணி நேரம் எடுக்கும். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் மாலையில் திரும்பும் வீட்டில், விரைவாகச் சூடேறி விரைவாக ஆறும் மெல்லிய அடுக்கே வசதி. மேலும், மர உத்தரங்களின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் சிமென்டை ஏற்றுவதை எந்தப் பொறியாளரும் யோசிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். மின்கம்பிப் பாய் விரிப்பது இன்னும் மெல்லியது, போடவும் எளிது. ஆனால் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. காலையில் அரைமணி நேரம் ஓடும் குளியலறைக்கு அது சரி. நாள் முழுவதும் புழங்கும் கூடத்துக்குக் கட்டுப்படியாகாது.

மேலே பதிப்பதற்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அது உயரம். தகடு 20 மி.மீ., மரத்தரை 14, நடுவில் பசையோ விரிப்போ சேர்த்தால் தரை 4 செ.மீ. அளவுக்கு ஏறிவிடும். கதவின் அடியைச் சீவுவது எளிது. சுவரடிப் பலகையைக் கழற்றி மாட்டுவதும் எளிது. படிக்கட்டு அப்படியல்ல. முதல் படி 18 செ.மீ. இருந்தது 14 ஆகிவிடும். மற்ற படிகளெல்லாம் 18 ஆகவே நிற்கும். ஒரே படிக்கட்டில் படிகளின் உயரம் மாறக் கூடாது என்பது விதி, காரணம் கால் அடுத்த படியைக் கண்ணால் பார்த்து வைப்பதில்லை, பழக்கத்தால் வைக்கிறது. இருட்டில் இறங்கும் முதியவர் தடுக்கி விழுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். அடுக்களையில் வேறொரு சிக்கல்: மேடைக்கடியில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இருக்க, அதற்கு முன்னால் மட்டும் தரையை உயர்த்தினால் இயந்திரம் குழிக்குள் சிக்கிக்கொள்ளும். பழுதாகும் நாளில் அதை வெளியே இழுக்க மேடையையே கழற்ற வேண்டும். அறைக்கு அறை தரை உயரம் மாறினால் வாசற்படிகள் முளைக்கும். ஆகவே ஒரு தளம் முழுவதற்கும் சேர்த்து உயரத்தைத் தீர்மானித்த பிறகே முதல் தகட்டை வாங்க வேண்டும்.

வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் கண்காணிக்க வேண்டியவை சில. பழைய ஆணிகள் தளர்ந்திருந்தால் பலகை கிரீச்சிடும். தகடு போடுமுன் ஒவ்வொரு உத்தரத்திலும் திருகாணி போட்டு இறுக்கிவிட வேண்டும், பின்னால் வழியில்லை. 15 செ.மீ. இடைவெளியில் குழாய் ஓடினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏழு மீட்டர் அளவு பிடிக்கும். 15 சதுர மீட்டர் அறைக்கு 100 மீட்டர். அந்த நீளம் முழுவதும் ஒரே குழாயாக, தரைக்கடியில் இணைப்பே இல்லாமல், நீரைப் பிரித்துவிடும் மானிஃபோல்டிலிருந்து கிளம்பி அதற்கே திரும்ப வேண்டும். 12 மி.மீ. குழாய்க்கு அந்த நீளமே அதிகம், இரண்டு சுற்றாகப் பிரிப்பார்கள். குழாயில் நீரை ஏற்றி அழுத்தம் கொடுத்து, மானி முள் இறங்காமல் நிற்பதைப் பார்த்த பிறகே மேலே மூட அனுமதிக்க வேண்டும். மூடுமுன் குழாய் ஓடும் பாதையை அளவு நாடாவும் தெரியும்படி படம் பிடித்து வைத்தால், பின்னாளில் ஒரு திருகாணி அடிக்கும்போது கைகொடுக்கும்.

அழகான பழம்பலகைகளை வெளியே தெரிய வைத்திருப்பவர்கள், அவற்றை மூடலாமா என்று தயங்குவது நியாயம். அவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. கீழே இன்சுலேஷனும் இடுக்குகளை அடைப்பதும் மட்டுமே பாதிக் குளிரை விரட்டிவிடும். மற்றவர்கள் செலவை இப்படி வரிசைப்படுத்தலாம்: முதலில் உத்தரமும் காற்றோட்டமும் நலமா என்று பார்ப்பது, அடுத்து இடைவெளியில் கம்பளி, அதன்பின் அறைக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்ற கணக்கு, கடைசியில்தான் குழாய். முதல் இரண்டும் முடிந்த நிலையில் பணம் தீர்ந்துவிட்டாலும் நட்டமில்லை, வீடு முன்பைவிடக் கதகதப்பாகவே இருக்கும். தலைகீழாகத் தொடங்கிப் பாதியில் நின்றால் அப்படிச் சொல்ல முடியாது. விலைப்பட்டியலோடு வரும் ஒப்பந்தக்காரரிடம் குழாயின் தரத்தையும் உத்தரவாத ஆண்டுகளையும் விசாரிக்குமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தத் தரையிலிருந்து கீழே எத்தனை வாட் போகும்? எண்ணைச் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம். சூடு மேலேதான் போகும் என்று சிரித்துக்கொண்டே சொல்பவருக்கு ஒரு தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடலாம்.